வேலைநாள் மொழியும் விடுமுறைநாள் மொழியும்

காரைக்கால் நிலப்பரப்பால் சிறியது. ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் அளவே உடைய இப்பகுதி, வடக்கே தரங்கம்பாடிக்கும் தெற்கே நாகூருக்கும் இடையில், அரசலாறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்துள்ளது. 1739ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரை, இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த காலங்கள் நீங்கலாக, இஃது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. தரங்கம்பாடியில் டேனியர், காரைக்காலில் பிரெஞ்சுக்காரர், நாகப்பட்டினத்தில் முதலில் போர்த்துகீசியர், பின்னர் டச்சுக்காரர், அவர்க்குப்பின் ஆங்கிலேயர் என, ஒருநாள் மாட்டுவண்டிப் பயணத் தொலைவுக்குள் ஐந்து ஐரோப்பிய மொழிகள் வழங்கின. அரபும் மலாயும் மரக்கலம் ஏறி வந்து போயின. இரு மொழி அறிந்தவன் என்னும் பொருளுடைய துபாசி என்ற சொல் இக்கடற்கரையில் ஒரு தொழிலின் பெயராகவே நின்றது. இன்றும் நம் ஊரில் ஊராட்சியைக் கொம்யூன் என்கிறோம். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் முதியவரைச் சொல்தா என்கிறோம்.

இத்துணை மொழிகளோடு பழகிய மண்ணில் பிறந்த ஓர் இளைஞர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாளுடன் நம்மைக் காண வந்தார். வளைகுடா நாடு ஒன்றில், சரக்குக் கிடங்கொன்றில் ஆறாண்டுகள் பணியாற்றித் திரும்பியவர். பணிக்கொடை வந்து சேரவில்லை என்பது அவர்தம் குறை. தாளை வாங்கிப் பார்த்தோம். அரபு மொழியில் ஐந்தே வரிகள். கீழே அவருடைய கையொப்பம். "இதைப் படித்துப் பார்த்தீரா?" என்று கேட்டோம். "படித்தேனே!" என்றவர், மக்தபில் ஓதிய பிள்ளை ஆதலின், எழுத்துக் கூட்டிப் பிழையின்றி ஓதியும் காட்டினார். 'இஸ்தலம்து' என்று ஓதினார். 'முஸ்தஹக்காத்' என்று ஓதினார். பெற்றுக்கொண்டேன் என்பது முதற்சொல்லின் பொருள். சேரவேண்டிய நிலுவைகள் என்பது மற்றையதன் பொருள். தமக்குச் சேரவேண்டிய நிலுவை அனைத்தையும் பெற்றுக்கொண்டதாக அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஓதத் தெரிந்தது, பொருள் தெரியவில்லை.

ஆறாண்டுகளில் அவர் அறிந்த அரபு எவ்வளவு என்று கேட்டோம். இல்லை என்பதற்கு, வேண்டா என்பதற்கு, முடியாது என்பதற்கு, தெரியாது என்பதற்கு எல்லாவற்றிற்கும் 'மாஃபி' என்ற ஒரே சொல். வா, போ, தூக்கு, வை, விரைந்து செய் என்னும் ஏவல்கள் சில. ஆங்கிலமும் உருதுவும் அரபும் விரவி வளைகுடாத் தொழிலாளரிடையே வழங்கும் கலவைமொழி அது. கிடங்கில் ஆறாண்டுகளும் அதுவே போதியதாயிருந்தது. ஏழாவது ஆண்டின் ஐந்து வரிகளுக்குப் போதவில்லை.

இந்நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். அயல்நாட்டில் பணியாற்றுவோர் அந்நாட்டு மொழியை எங்குக் கற்கின்றனர், எங்குக் கற்கத் தவறுகின்றனர் என்பதை, நம் கடற்கரையோடு தொடர்புடைய சில சான்றுகள் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

ஏவலும் வினாவும்

தமிழிலக்கணம் பயில்வோர் நன்கறிந்த செய்தி ஒன்றிலிருந்து தொடங்குவோம். நன்னூலார் வினாவை ஆறாக வகுத்தார்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. விடையை எட்டாக வகுத்தார். வகுப்பறையில் இவற்றை மனப்பாடம் செய்து, தேர்வுத்தாளில் இறக்கிவைத்துவிட்டு மறந்துபோகிறோம். ஆயின், அயல்மொழி ஒன்று நமக்கு எவ்வளவு தெரியும் என்று அளந்து பார்க்க இதனினும் நல்ல அளவுகோல் நாம் கண்டதில்லை.

வேலையிடத்தில் தொழிலாளி கேட்பன பெரும்பாலும் ஏவல் வினைமுற்றுகள். அவன் சொல்வன, உடன்படுதலும் மறுத்தலும் ஆகிய இரண்டே விடைகள். வினவும் உரிமை மேலாளருடையது. அறியாமையால் ஒன்றை வினவினால், வேலை தெரியாதவன் என்ற பெயர் வரும். எனவே அறியாவினா அவன் நாவில் எழுவதே இல்லை. 'இதுவோ அதுவோ' என்னும் ஐயவினாவும் அவ்வாறே அடங்கிப்போகிறது. பத்தாண்டுகள் கழிந்தாலும் அவன் மொழி ஏவல் கேட்கும் மொழியாகவே நின்றுவிடுகிறது.

விடுமுறைநாளில் அதே மனிதன் வேற்றூருக்குப் பேருந்து ஏறட்டும். "இப்பேருந்து அவ்வூருக்குச் செல்லுமா?" என்று கேட்க வேண்டும். "பேரீச்சம்பழம் உளதோ?" என்று கேட்க வேண்டும். அது கொளல்வினா. "இக்கோட்டையைக் கட்டியவர் யார்?" என்பது அறியாவினா. "இது பள்ளிவாசலின் வாயிலா, மதரசாவின் வாயிலா?" என்பது ஐயவினா. ஒரே பகலில் நன்னூலார் வகுத்தவற்றுள் நான்கைந்து வினாக்கள் அவன் நாவில் வந்துவிடுகின்றன. அங்கே அவன் யாருக்கும் ஏவலன் அல்லன், வழிப்போக்கன். வழிப்போக்கனுக்கு விடை சொல்லாத ஊர் உலகில் அரிது.

இதனால் வேலையிடத்து மொழி பயனற்றது என்பது நம் கருத்தன்று. கருவிகளின் பெயர், எண், நேரம் ஆகியவை அங்கேதான் பதிகின்றன. ஆனால் அது மொழியின் ஓர் அறைதான். அவ்வறைக்கு வெளியே வீடு முழுதும் இருக்கிறது.

நாகூர் வழிவந்த முன்ஷி

இதற்கு மிகச் சிறந்த சான்று, நமக்கு மிக அண்மையிலுள்ள நாகூரோடு குடிவழித் தொடர்புடைய ஒருவர். புதிய மலாய் இலக்கியத்தின் முன்னோடி எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாஹ் என்னும் அப்துல்லாஹ் பின் அப்துல் காதிர் 1796இல் மலாக்காவில் பிறந்தவர். இவர்தம் பாட்டனாரின் தந்தை ஏமன் நாட்டு அரபியர். நாகூருக்கு வந்து தங்கி மணம் புரிந்துகொண்டவர். அவருடைய புதல்வருள் ஒருவர் மலாக்கா சென்று குடியேறினார். அங்கு அவர் மணந்த அம்மையாரின் பெயர் பெரியாச்சி. மலாய்ப் பெருநூல் ஒன்றின் முதற்பக்கங்களில் இந்தத் தமிழ்ப் பெயரைக் காணும்போது நமக்கு ஏற்படும் உவகையை மறைப்பானேன்? அவ்வம்மையார் பெயரளவில் பெரியவர் மட்டுமல்லர். ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளுமாக ஏறத்தாழ 200 பேர் பயின்ற ஓதற்பள்ளியை நடத்தியவர். அயல்மண்ணில் மொழி நிலைத்ததற்கு ஆடவரையே காரணமாகச் சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. பெரியாச்சியின் திண்ணையை நினைவிற்கொண்டால் அவ்வழக்கம் சற்றுத் தளரும்.

அப்துல்லாஹ் தம் வரலாற்றைத் தாமே எழுதினார். 1840க்கும் 1843க்கும் இடையில் எழுதப்பெற்று, 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்த ஹிகாயத் அப்துல்லாஹ் என்னும் நூல் அது. மொழிகள் பலவற்றைத் தாம் கற்ற விதத்தை அதில் விரிவாகச் சொல்கிறார். சிறுவராயிருந்தபோது தமிழ் கற்க ஆசிரியர் ஒருவரிடம் அனுப்பப்பட்டார். இரண்டரை ஆண்டுகள் கற்றார். அந்நாளில் மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கமாயிருந்தது. கணக்கெழுதுவதற்கும், துறைமுகம் எங்கும் நிறைந்திருந்த தமிழ்நாட்டு வணிகரோடு பேசுவதற்கும் அது தேவைப்பட்டது. இன்று ஆங்கிலத்திற்கு நாம் தரும் இடத்தை அன்று மலாக்கா தமிழுக்குத் தந்திருந்தது என்பது நம் மாணவர் அறியவேண்டிய செய்தி.

தமிழை ஆசிரியரிடம் கற்றவர், இந்துஸ்தானியை எங்குக் கற்றார்? மலாக்காக் கோட்டையில் ஆங்கிலேயருடைய இந்தியச் சிப்பாய்கள் தங்கியிருந்தனர். அவர்களுள் முஸ்லிம்கள் பலர். அப்துல்லாஹ் அவர்களிடம் சென்றார். அவர்களுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தார். அவர்களிடம் இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். மொழிப் பரிமாற்றம் நடந்தது. ஆசான் என்னும் பொருளுடைய முன்ஷி என்ற பட்டம் அச்சிப்பாய்கள் அவருக்குச் சூட்டியது. பல்கலைக்கழகம் எதுவும் தராத அப்பட்டம் இருநூறாண்டுகள் கழிந்தும் அவர் பெயரோடு ஒட்டிநிற்கிறது.

அவர் கையாண்ட முறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. கோட்டை அவருடைய வேலையிடம் அன்று. அங்கு அவருக்கு ஏவலிடுவார் இல்லை. தம்மிடம் உள்ளதைக் கொடுத்துத் தமக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறும் இடமாக அவர் அதை ஆக்கிக்கொண்டார். கொடைவினாவும் கொளல்வினாவும் ஒரே பாயில் அமர்ந்து நிகழ்ந்தன எனலாம்.

1810–11இல் ராபிள்ஸ் மலாக்காவில் தங்கியிருந்தபோது, பதினான்கு வயதளவில் அப்துல்லாஹ் அவரிடம் எழுத்தராகச் சேர்ந்தார். பின்னர் மில்னே முதலிய கிறித்தவப் பாதிரியார்க்கு மலாய் கற்பித்தார், அவர்களிடம் ஆங்கிலம் கற்றார், அச்சுத்தொழிலும் கற்றார். இவை அனைத்தும் வேலை தந்த பேறுகள். ஆயினும் அவருடைய எழுத்தில் உயிர்ப்புள்ள பக்கங்கள், வேலைக்கு வெளியே அவர் கால் நடந்த இடங்களைப் பற்றியனவே. சிங்கப்பூரின் உட்பகுதிக் காட்டில் சீனரின் இரகசியக் கூட்டம் ஒன்று இயங்குவதைக் கேள்வியுற்று, சீன நண்பரின் துணையோடு, உயிருக்கஞ்சியும் ஆவலை அடக்க இயலாமலும் சென்று பார்த்து வருகிறார். அத்தகைய உலாவை நம் மாணவர்க்கு நாம் பரிந்துரைக்கமாட்டோம்! எனினும், காதாற் கேட்டதைக் கண்ணாற் காணாமல் எழுதக்கூடாது என்ற உறுதியை அதில் காண்கிறோம்.

1838இல் சிங்கப்பூரிலிருந்து கிளந்தானுக்குக் கடிதங்கள் கொண்டுசெல்லும் பணியில் கப்பலேறினார். வழியில் பகாங், திரங்கானு ஆகிய இடங்களில் கரையிறங்கினார். கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதே அவருக்கு இடப்பட்ட வேலை. அவரோ இறங்கிய ஊர்தோறும் வீடுகளின் அமைப்பு, கடைத்தெரு, உணவு, உடை, பேச்சு ஆகியவற்றைப் பார்த்தும் கேட்டும் குறித்துக்கொண்டார். அக்குறிப்புகளே அவ்வாண்டிலேயே நூலாயின. அக்கடிதங்களை இன்று யார் நினைக்கிறார்கள்? கரையிறங்கிய சில பகற்பொழுதுகளே இலக்கியமாக எஞ்சின.

மலாய்ப் பிள்ளைகள் தம் தாய்மொழியை முறையாகப் பயில்வதில்லை என்று அவர் பல இடங்களில் வருந்தினார். பொருளறியாமல் ஓதுவது மட்டும் கல்வியாகாது என்பது அவர் கருத்து. மேலே நாம் குறிப்பிட்ட ஐந்து வரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்பகுதியைப் படிக்கும்போது, அது மலாக்காவுக்கு மட்டும் எழுதப்பட்டதாக நமக்குத் தோன்றவில்லை.

அப்துல்லாஹ் 1854இல் ஹஜ் பயணத்தின்போது அரபு மண்ணில் மறைந்தார்.

சைகோனும் நாற்றும்

நாகூர்க்குடி கிழக்கே மலாக்காவை நாடியது போலக் காரைக்காலார் பலர் பிரெஞ்சு ஆட்சி பரவிய இந்தோசீனத்தை நாடினர். 1859இல் பிரெஞ்சுக்காரர் சைகோனைக் கைப்பற்றிய பின்னர், புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அங்குச் சென்றவர்களுள் பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்தவர் அலுவலகங்களில் அமர்ந்தனர். ஏனையோர் துணிக்கடை, காவல், பால் விற்பனை முதலிய தொழில்களில் ஈடுபட்டனர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் அந்நகரின் நடுவில் டோங் டூ தெருவில் இன்றும் நிற்கிறது.

1990களில், நாம் மாணவராயிருந்த காலத்தில், சைகோனில் துணிக்கடையில் பணியாற்றித் திரும்பிய முதியவர் ஒருவரிடம் அடிக்கடி சென்று அமர்வதுண்டு. எண்பதைக் கடந்தவர். "பிரெஞ்சு துரைமாரோடு பேச, அன்னாமி சந்தையோடு பேச, தமிழ் கனவோடு பேச" என்பார். அன்னாமி என்று அவர் சொன்னது இன்று வியட்நாமியம் எனப்படும் மொழி. அம்மொழியில் ஒரே அசை, தொனி வேறுபட்டால் பொருள் வேறுபடும். முறைப்படி ஆறு தொனிகள். தென்பகுதிப் பேச்சில் ஐந்து. 'மா' என்பதைத் தொனி உயராமலும் தாழாமலும் சொன்னால் பேய். ஏறுதொனியில் சொன்னால், தென்பகுதியில் தாய். தாழ்ந்து சட்டென்று நிற்கும் தொனியில் சொன்னால் நெல் நாற்று. மற்றொரு தொனியில் கல்லறை.

கடையில் சேர்ந்த புதிதில், துணி வாங்க வந்த மூதாட்டியை 'அம்மா' என்று மரியாதையாக அழைப்பதாக எண்ணிப் 'பேயே' என்று அழைத்துவிட்டாராம். மூதாட்டி சினக்கவில்லை, சிரித்தார். ஆனால் கடை முதலாளி ஒரு வாரம் இவரை உள்ளறையில் துணி மடிக்க வைத்துவிட்டார். வாடிக்கையாளரிடம் பேசும் வாய்ப்பே போயிற்று. பிழை செய்தவனுக்குப் பேச்சை மறுப்பது வேலையிடத்தின் இயல்பு. பிழை செய்தவன் மேலும் பேசினால்தான் மொழி வரும் என்பது மொழியின் இயல்பு. இரண்டும் ஒத்துப்போவதில்லை.

அவர் மொழி கற்றது ஞாயிற்றுக்கிழமைகளில். சைகோனிலிருந்து மீத்தோ என்னும் ஊருக்கு 1885 முதல் இருப்புப்பாதை இருந்தது. ஏறத்தாழ 70 கிலோமீட்டர். காலையில் சென்று மாலையில் திரும்பிவிடலாம். (அப்பாதை 1958இல் மூடப்பட்டுவிட்டது.) மேக்காங் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கும் கழிமுகச் சமவெளி அது. வண்டியின் சன்னலருகே அமர்ந்திருந்தவர் வெளியே கண்டது, திருநள்ளாற்றுக்கும் நெடுங்காட்டிற்கும் இடையே தாம் பிறந்ததுமுதல் கண்ட காட்சி: நாற்றங்கால், சேற்றில் குனிந்த பெண்டிர், வரப்பின்மேல் கொக்கு. எதிரே அமர்ந்திருந்த குடியானவரிடம் நாற்றைச் சுட்டிக்காட்டி, "அது என்ன?" என்றார். 'மா' என்றார் அவர், தொனியைத் தாழ்த்தி நிறுத்தி. இவர் திருப்பிச் சொன்னார். குடியானவர் தலையசைத்தார். மீண்டும் சொன்னார். மீத்தோ வரும்வரை இருவரும் நாற்றைச் சொல்லிக்கொண்டே போனார்களாம்.

"நாத்து தெரிஞ்சதும் தாய் தெரிஞ்சது, தாய் தெரிஞ்சதும் பேய் போயிடுச்சு" என்று அவர் சொன்னது நம் காதில் இன்றும் ஒலிக்கிறது. மொழியியலார் வேற்றுமைநிலை என்று நூல்களில் விளக்குவதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அவரிடமிருந்து நாம் அறிந்த மற்றொன்று: வியட்நாமியர் நீ, நான் என்பவற்றைப் பெரிதும் விலக்கி, அண்ணன், அக்காள், பாட்டனார், பாட்டியார், தம்பி என்னும் உறவுப்பெயர்களாலேயே தம்மையும் பிறரையும் குறிப்பர். ஒருவரோடு பேசத் தொடங்குமுன் அவர் வயதைக் கணித்தாக வேண்டும். பிரெஞ்சுக்காரருக்கு இது பெருந்தொல்லையாயிற்று. முன்பின் அறியாதாரையும் 'அண்ணே' 'காக்கா' 'பெரியம்மா' என்று அழைத்துப் பழகிய காரைக்காலாருக்கோ இது கற்கவேண்டாத பாடம். அயல்மொழியின் பூட்டுகள் சிலவற்றிற்குத் திறவுகோல் நம் மடியிலேயே இருக்கிறது. அதனை அறிய, அம்மொழி பேசுவோரின் வீட்டுத் திண்ணைவரை செல்லவேண்டும்.

விடுமுறை இல்லாதோர்

ஒன்றை மறைத்துவிடலாகாது. உலாச் செல்ல ஒருநாள் வேண்டும்; அந்நாள் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. இதே காரைக்கால் துறைமுகத்திலிருந்து, 19ஆம் நூற்றாண்டில் ரெயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட தமிழர் பலர். தோட்டத்தை விட்டு விருப்பம்போல் வெளியே திரியும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஏவல் கேட்ட மொழியே அவர்தம் மக்களுக்குத் தாய்மொழியாயிற்று. இன்று அவர்தம் வழித்தோன்றல்கள் பேசுவது கிரியோல். தமிழ் வழிபாட்டுச் சொற்களிலும் பெயர்களிலும் எஞ்சிற்று. இக்காலத்தும் வீட்டுப்பணிக்குச் செல்லும் நம் சகோதரியர் பலருக்கு வாரத்தில் ஒரு பகல்கூடத் தமக்கென்று கிட்டுவதில்லை. அவர்களை நோக்கி "ஏன் மொழி கற்கவில்லை?" என்று கேட்பது அறமாகாது. விடுமுறை பெற்றும் அறையில் படுத்து, கைப்பேசியில் தமிழ்ப்படம் பார்த்து அந்நாளைக் கழிப்போரை நோக்கியே இதனை எழுதுகிறோம். உடல் களைத்தவன் உறங்கட்டும். மாதத்தில் நான்கு விடுமுறை நாட்களும் உறக்கத்திற்கே வேண்டுமா?

நிஸ்வாவில் நாம் தோற்றது

பிறரைப் பற்றி இவ்வளவு எழுதிய நாமும் நம் தோல்வி ஒன்றைச் சொல்வதே முறை. கல்லூரிப் பணிக்கு வருமுன் இரண்டாண்டுகள் மஸ்கட்டில் கணக்கெழுதும் வேலை பார்த்தோம். அலுவலகத்தில் மலையாளமும் ஆங்கிலமும் போதும். பதினெட்டு மாதங்கள் வரை அரபியர் ஒருவரோடும் பத்து வாக்கியம் தொடர்ந்து பேசியதில்லை. மக்தபில் ஓதியவர், மதரசாவில் இலக்கணமும் சிறிது கற்றவர் என்ற செருக்கு மட்டும் குறையாமல் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை விடியலில், ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிஸ்வாவுக்கு நண்பருடன் சென்றோம். அங்கு வெள்ளிதோறும் காலையில் கால்நடைச் சந்தை கூடும். நடுவே மேடை, சுற்றிலும் வட்டமாக நடைபாதை, வெளிவட்டத்தில் மக்கள். விற்பவர் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு விலை கூவியபடி வட்டமாக நடந்துகொண்டே இருப்பார். வாங்குவோர் கைதட்டி நிறுத்தி, ஆட்டின் பல்லைப் பார்ப்பர், முதுகைத் தடவுவர், விலை பேசுவர். நம்மருகே அமர்ந்திருந்த முதியவர், நாம் ஆர்வத்தோடு பார்ப்பதைக் கண்டு, "அந்த ஆடு என்ன விலை சொன்னான்?" என்று வினவினார். விடை தெரிந்துகொண்டே வினவுதல் ஆதலின், நன்னூல்படி அது அறிவினா. ஆசிரியர் மாணவனை வினவுவது. ஐம்பத்துநான்கு ரியால் என்றோம். அவர் சிரித்து, விரல்களை விரித்து நாற்பத்தைந்து என்று காட்டினார்.

அரபியில் ஒன்றின் இலக்கத்தை முன்சொல்லிப் பத்தின் இலக்கத்தைப் பின்சொல்வர். ஐந்தும் நாற்பதும் என்பதே நாற்பத்தைந்து. இதனைப் பத்து வயதிலேயே படித்திருக்கிறோம். தாளில் எழுதச் சொன்னால் பிழையின்றி எழுதியிருப்போம். கூவுகிற வாயிலிருந்து ஓடுகிற ஆட்டின் பின்னால் வந்தபோது, காது முன்வந்த ஐந்தைப் பத்தாமிடத்தில் வைத்துவிட்டது. பிரெஞ்சு படித்த நம் ஊரார் தொண்ணூற்றொன்பதை 'நான்கு இருபது பத்து ஒன்பது' என்று கூட்டிச் சொல்லித் திணறுவதைக் கண்டு நகைத்தவர்கள் நாம்!

அம்முதியவர் நம்மை அதோடு விடவில்லை. அடுத்தடுத்து வந்த ஆடுகளுக்கெல்லாம் விலை கேட்டார். பத்தாவது ஆட்டிற்குமேல் நாம் தவறவில்லை. வேண்டும் என்பதற்கு நாம் நூல்வழக்கில் 'உரீது' என்றபோது, "அது ஓதுகிற இடத்தில், இங்கே 'அப்கா' என்று சொல்" எனத் திருத்தினார். பின்னர் ஊர்ப்புறத்தே ஓடும் ஃபலஜ் என்னும் நீர்க்காலைக் காணுமாறு வழிகாட்டினார். நிஸ்வாவின் தாரிஸ் ஃபலஜ், ஓமானின் வேறு நான்கு நீர்க்கால்களோடு 2006இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நிலத்தடியிலிருந்து வரும் நீரைத் தோட்டங்களுக்குக் காலஅளவால் பங்கிட்டு விடுவர். முறைவைத்து வாய்க்கால் நீர் பாய்ச்சும் காவிரிக் கடைமடைக்காரனுக்கு அதில் விளங்காதது எதுவுமில்லை. இன்னாருக்கு இத்தனை நேரம், அடுத்து இன்னார் என்று அங்கிருந்த தோட்டக்காரர் சொல்லச் சொல்ல, தெரியாத சொற்களின் பொருளையும் நிலமே நமக்குச் சொல்லிற்று. ஜும்ஆ தொழுதுவிட்டுத் திரும்பினோம். எஞ்சிய ஆறு மாதங்களில் தவறவிட்ட வெள்ளிகள் மிகச் சில.

கைக்கொள்ளத்தக்கன

பயணம் புறப்படுவோர்க்குச் சில சொல்வோம். ஊர்ப்பெயரையும் பத்துச் சொற்களையும் முதல்நாள் இரவே குறித்துக்கொள்ளல் நன்று. நூறு சொற்கள் வேண்டா, நூறும் மறந்துபோகும். அடையாள அட்டையும், திரும்பும் பேருந்தின் நேரமும் கைவசம் இருக்கட்டும். தமிழ்பேசும் நண்பர் ஒருவர் உடன் வருவது பாதுகாப்பு. நால்வர் வந்தால் நாள் முழுதும் தமிழே நடக்கும். விலை தெரிந்த பொருளை விலை கேளுங்கள்; அப்போதுதான் விடை சரியாகக் கேட்டதா என்பது தெரியும். ஒரே வினாவை இருவரிடம் கேட்பது மிக நல்லது. முதலாமவர் பொருளைத் தருவார். இரண்டாமவர் ஒலிப்பைத் தருவார்.

கேட்ட சொற்களை அன்றிரவே எழுதி வைத்தல் வேண்டும். எந்த எழுத்தில் எழுதுவது? தமிழெழுத்தில் அரபு ஒலிகள் சில அடங்கா. நம் முன்னோர் இதன் மறுதலையைத் தீர்த்தவர்கள். அரபு வரிவடிவில் தமிழ் ஒலிகளுக்கென எழுத்துகள் சில கூட்டி அரபுத்தமிழ் அமைத்தனர். கடல் கடந்த கணவருக்கு நம் பாட்டியர் அவ்வெழுத்தில் கடிதம் எழுதினர். மலாயரும் அவ்வாறே ஜாவி எழுத்தை அமைத்துக்கொண்டனர். அரபுத்தமிழ் அறிந்தவர் ஜாவி எழுத்தை அடையாளம் காண ஒரு மாலைப்பொழுது போதும். மலாய்ச் சொற்களுள்ளும் கப்பல், கடை, பெட்டி, கட்டில் என நாம் கொடுத்தவை பலவாதலின், பினாங்குக் கடைத்தெருவில் நம்மவர் முற்றிலும் அயலார் அல்லர்.

பொருளறியாத தாளில் கையொப்பமிடாதிருத்தல் வேண்டும் என்று எழுதத் தொடங்கினோம். ஆயின் மேலாளர் எழுதுகோலை நீட்டும்போது அவ்வறிவுரை எவ்வளவு நேரம் நிற்கும்? 'இதன் பொருள் என்ன?' என்று கேட்டுப் பழகிய நா வேண்டும். அந்நா சந்தையிலும் பேருந்திலும் தோட்டத்திலும் பழகியிருந்தால்தான் அலுவலறையில் எழும்.

அந்த இளைஞர் இப்போது பினாங்கில் உணவகம் ஒன்றில் பணியாற்றுகிறார். வார விடுப்பில் படகேறி எதிர்க்கரைப் பட்டர்வொர்த்துக்குச் சென்று, அங்கிருந்து ஏதேனும் ஓர் ஊருக்குப் பேருந்து பிடிப்பது அவர் வழக்கமாகிவிட்டது. சென்ற மாதம் தொலைபேசியில் ஒன்று கேட்டார்: "சார், நாம போகலாம்னா இங்க 'கீத்தா'ங்கிறாங்க. நாங்க போறோம், நீங்க இல்லைன்னா 'காமி'ங்கிறாங்க. நம்ம தமிழ்ல இருக்கிற மாதிரியே ரெண்டு இருக்கு. அரபுல இது ஏன் இல்லை?"